நோன்பு வேறு, பசி வேறு
(சிக்கன அறிவுரை பற்றிய ஓர் அறநெறிப் பாடம்)



நாட்டிற்குப் பொருள் நெருக்கடி நேரும்பொழுதெல்லாம் ஒரு நிகழ்ச்சி தவறாமல் நடைபெறுகின்றது. வசதி மிக்கோர் சிலர் மேடையேறி, குறைத்து உண்ணுங்கள், அளந்து செலவிடுங்கள், ஆசையை அடக்குங்கள் என்று மக்களுக்கு எடுத்துரைக்கின்றனர். கேட்போர் முகம் சுளிக்கின்றனர். சில வேளைகளில் வெகுண்டு எழுகின்றனர். சொன்னது நல்ல சொல்தானே, அதற்கு இத்துணைச் சினம் ஏன் என்று சொன்னவர் வியக்கின்றார்.

இவ்வினா நமக்கு அயலானதன்று. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டவர்கள் நாம். சிக்கனத்தைப் புகழும் சொல் எங்கு எழுந்தாலும் அது நம் செவிக்கு இனிக்கவே செய்யும். அதே சொல் ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏன் கசக்கின்றது என்பதை ஆராய்ந்து அறிதல் நம் கடமையாகின்றது. இதனை அறியாவிடின், நல்லது சொல்வதாக எண்ணியே பிறர் மனத்தைப் புண்படுத்துவோம். மனத்தால் செய்யும் ஊறும் ஊறே என்பது நம் முன்னோர் வகுத்த நெறி.

ஆகவே இப்பாடத்தில் முதலில் இரு சொற்களின் பொருளைத் தெளிந்து, பின்னர் நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் நிகழ்ந்த சில வரலாற்றுச் சான்றுகளை நோக்கி, இறுதியில் போளூர், ஆரணி வட்டாரத்தில் வாழும் நாம் மேற்கொள்ள வேண்டுவன யாவை எனக் காண்போம்.

1. சொற்பொருள் தெளிவு

ஒத்தவை போலத் தோன்றும் இரண்டை முதலில் பிரித்துக் காட்டிவிட்டே பாடத்திற்குள் செல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். ஈண்டுப் பிரித்தறிய வேண்டிய இரு சொற்கள் நோன்பும் பசியும் ஆகும்.

உண்ண இருந்தும் உண்ணாதிருத்தல் நோன்பு. உண்ண இல்லாமையால் உண்ணாதிருத்தல் பசி. இரண்டிலும் வயிறு வெறுமையாகவே இருக்கின்றது. எனினும் நோன்பைத் தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும் நோற்பவர் கையில் உள்ளன. எத்துணைக் கடிய உபவாசமாயினும் அதற்குப் பாரணை என்றொரு நாள் உண்டு. அந்நாளை எண்ணியே மனம் உறுதி கொள்கின்றது. பசிக்குப் பாரணை நாள் தெரியாது. நோன்பு நோற்றவரை ஊரார் வணங்குகின்றனர். பசித்தவரை எவரும் வணங்குவதில்லை. அவர் தம் பசியை மறைக்கவும் வேண்டியிருக்கின்றது.

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தின் அமைப்பையும் நோக்குக. இல்லறத்தான் தன் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கலங்கள் ஆகியவற்றுக்கு இவ்வளவே போதும் எனத் தானே எல்லை வகுத்துக்கொள்கின்றான். எல்லை வகுப்பவனும் அவன்; எல்லைக்குள் நிற்க வேண்டியவனும் அவனே. பிறன் கலத்தில் உள்ள சோற்றுக்கு எல்லை வகுக்கும் விரதம் எதுவும் நமக்குக் கற்பிக்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு சான்றுகளுக்குச் செல்வோம்.

2. முதற் சான்று: தம் வீட்டில் தொடங்கியவர்

1965 ஆம் ஆண்டில் பாரதம் ஒரே வேளையில் இரு துன்பங்களைச் சந்தித்தது. மழை பொய்த்தது, பாகிஸ்தானுடன் போரும் மூண்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை நம்பியே பல மாநிலங்களின் உணவுப் பங்கீடு நடைபெற்ற காலம் அது. அந்நாளில் பிரதமராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை இரவு உணவு அதற்குரியதாயிற்று. உணவு விடுதிகள் பலவும் அன்று மாலை அடைக்கப்பட்டன.

நாடெங்கும் பெருந்திரளானோர் அவ்வேண்டுகோளை ஏற்றனர். அதனை ஒரு விரதமாகவே கொண்டோர் பலர். காரணம் என்ன? அதனை நாட்டு மக்களிடம் கூறுமுன் சாஸ்திரி தம் மனைவி மக்களோடு தம் இல்லத்தில் அதனைக் கடைப்பிடித்துப் பார்த்தார். தம் அரசு இல்லத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். அவருடைய வாழ்க்கையும் அவர் சொல்லுக்குச் சான்று பகர்ந்தது. பிரதமராயிருந்தபோது 12,000 ரூபாய் விலையுள்ள சிற்றுந்து ஒன்றை வாங்க அவரிடம் முழுத் தொகை இல்லை. 5,000 ரூபாயை வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது அக்கடன் நிலுவையில் இருந்தது. அவர் துணைவியார் லலிதா சாஸ்திரி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதனை அடைத்தார்.

இங்கு மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். சாஸ்திரி கேட்டது வாரத்தில் ஒரு வேளை. அதுவும் வேண்டுகோளாகவே வந்தது. அதனோடு நில்லாமல், விளைச்சலைப் பெருக்கும் வழியையும் அவ்வரசு தேடியது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் 1966 ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. நோன்பு சிறிது காலத்திற்கு. நெல்லும் கோதுமையும் விளைந்தே தீர வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அவ்வாறு முயன்றும் உடனடிப் பயன் ஏழையின் அடுக்களைக்கு வந்து சேரவில்லை. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் நீடித்தன. 1967 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அரிசி விலை பெரும் வினாவாக எழுந்தது, அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி உறுதி என்று வாக்களித்தார், ஆட்சி மாறியது. தலைவரின் நேர்மை மக்களின் மதிப்பைப் பெறும். உலைப்பானையை அரிசியே நிரப்பும்.

3. இரண்டாம் சான்று: தாம் எளியவராயிருந்தும் பிறர் இழந்தது

அறிவுரை கூறுபவர் எளிய வாழ்வினராயிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இதற்கு இரண்டாண்டுகள் முன்னர் நிகழ்ந்ததைச் சான்றாகக் காட்டலாம்.

1962 ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பின்போது நம் பெண்கள் பாதுகாப்பு நிதிக்கு வளையல்களையும் சங்கிலிகளையும் கழற்றிக் கொடுத்தனர். அது தாமே விரும்பிச் செய்த தியாகம். அதன் பின்னர், 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்தல் கூடாது என்பது அவ்விதி. கள்ளக் கடத்தலைத் தடுப்பதும், அந்நியச் செலாவணியைக் காப்பதும், தங்க ஆசையைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். மொரார்ஜி தேசாய் உணவிலும் உடையிலும் கட்டுப்பாடு மிக்கவர் என்பதை அவர் எதிரிகளும் மறுத்ததில்லை.

விளைவு யாது? தங்கம் வாங்கிச் சேர்த்தோர் பழைய நகைகளோடு நலமாக இருந்தனர். இழந்தோர் பொற்கொல்லர்கள். 22 காரட் தங்கத்தில் பரம்பரையாகப் பழகிய கைகளுக்கு வேலை அற்றுப்போயிற்று. ஊதுகுழலும் குறடும் அன்றி வேறு முதல் இல்லாத பத்தர்கள் குடும்பத்தோடு தவித்தனர். நாட்டின் பல பகுதிகளில் பொற்கொல்லர் தற்கொலைச் செய்திகள் வந்தன. 1966 ஆம் ஆண்டில் 14 காரட் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1968 இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990 ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அமைச்சரின் எளிமையில் குறையில்லை. அச்சிக்கனத்தின் சுமை எவர் தோளில் இறங்கும் என்னும் கணக்கு முன்கூட்டிப் போடப்படவில்லை. தங்கம் அணிபவரின் ஆசையைக் குறைக்க எண்ணிய விதி, தங்கத்தை உருக்குபவரின் அடுப்பை அணைத்தது.

4. மூன்றாம் சான்று: இலங்கையில் கண்டது

சுமை எவர் மேல் இறங்கியது என்பதைப் பொறுத்தே மக்களின் சினம் அமைகின்றது என்பதற்கு, தமிழர் வாழும் அண்டை நாடாகிய இலங்கை இருமுறை சான்றளித்துள்ளது.

1953 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் வருவாய் குறைந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அரிசிக்கு அளித்துவந்த மானியத்தை வெட்டினார். பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. பள்ளிச் சிறுவர்க்கு அளித்த நண்பகல் உணவு நிறுத்தப்பட்டது. இரயில், அஞ்சல் கட்டணங்கள் கூட்டப்பட்டன. நாடு தன் வரவுக்குள் வாழக் கற்க வேண்டும் என்னும் வாதம் கணக்கேட்டில் பிழையற்றதாயிருக்கலாம். நிலமும் தோட்டங்களும் உடைய குடும்பங்களைச் சேர்ந்தோர் மிகுந்திருந்த ஓர் ஆட்சி அதனைச் சொன்னபோது, கூலித் தொழிலாளர் அதனை வேறு விதமாகக் கேட்டனர். ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நடைபெற்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டிய நிலை ஏற்பட்டது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார்.

ஏறத்தாழ எழுபதாண்டுகள் கழித்து அதே தீவில் மீண்டும் நெருக்கடி தோன்றியது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, எல்லோரும் இயற்கை உரத்திற்கு மாறுமாறு உழவர்க்குக் கூறப்பட்டது. மண்ணைக் காத்தல் நல்ல கொள்கையே. ஆயத்தம் செய்துகொள்ளக் காலம் அளிக்கப்படாமையால் நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் நலிந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது உழவர் ஏற்கெனவே இழந்திருந்தனர். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூன் மாதத்தில், அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுப்பளித்து வீட்டுத் தோட்டம் போடச் சொல்லும் முடிவை அமைச்சரவை ஏற்றது.

வீட்டுத் தோட்டம் எவர்க்கும் தீங்கானதன்று. சாஸ்திரியும் புல்வெளியை உழுதவரே. ஆயினும் ஜூலை 9 அன்று மக்கள் கொழும்பில் அதிபர் மாளிகைக்குள் புகுந்தபோது, அங்குத் தெளிந்த நீர் நிறைந்த நீச்சற்குளத்தைக் கண்டனர். அதில் அவர்கள் குதித்து நீராடிய காட்சியை உலகமே பார்த்தது. சில நாட்களில் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். அறிவுரைக்கும் அதனைக் கூறுவோர் வாழ்வுக்கும் இடையிலிருந்த தொலைவை அக்குளம் எல்லார்க்கும் காட்டிவிட்டது.

5. நான்காம் சான்று: 32 ரூபாயும் தங்கமும்

நம் நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சிகளும் நினைவுகூரத் தக்கவை.

2009 செப்டம்பரில் வறட்சியும் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து வந்தபோது, மத்திய அரசு சிக்கன நடவடிக்கைகளை அறிவித்தது. அப்பொழுது வெளியுறவு அமைச்சரும் இணையமைச்சரும் தில்லியில் ஐந்து நட்சத்திர விடுதிகளில் தங்கியிருந்தமை வெளியாகி, அவர்கள் அங்கிருந்து மாற நேர்ந்தது. விமானத்தின் சாதாரண வகுப்பை மாட்டு வகுப்பு என்று இணையமைச்சர் சசி தரூர் கேலியாகக் குறித்ததும் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. விமானத்தையே அண்ணாந்து பார்ப்பவர் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில் அக்கேலி நகைப்பூட்டவில்லை.

2011 செப்டம்பரில், அப்போதிருந்த மத்தியத் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நாளொன்றுக்கு நகரத்தில் 32 ரூபாயும் சிற்றூரில் 26 ரூபாயும் செலவிட இயன்றவர் வறுமைக் கோட்டிற்கு மேலுள்ளவர் என்பது அதன் சாரம். புள்ளியியல் நோக்கில் அது ஒரு கணக்கீடு. ஆனால் குழுவினர் அத்தொகையில் வாழ்ந்து காட்டட்டும் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், அதே குழுவின் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு கழிவறைகளைச் சீரமைக்க ஏறத்தாழ 35 இலட்சம் ரூபாய் செலவிடப்பட்டமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரிய வந்தது. அது வழக்கமான பராமரிப்புச் செலவு என்று குழு விளக்கம் அளித்தது. விளக்கத்தை எவரும் செவிமடுக்கவில்லை. 32 என்னும் எண்ணும் 35 இலட்சம் என்னும் எண்ணும் மக்கள் மனத்தில் அருகருகே நின்றன.

இதே காலத்தில் படித்த இளைஞர் இருவர் செய்தது நம் கவனத்திற்கு உரியது. வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பிய அவர்கள், பெங்களூரில் சில வாரங்கள் நாளொன்றுக்கு 100 ரூபாயிலும், பின்னர்க் கேரளச் சிற்றூர் ஒன்றில் 26 ரூபாயிலும் வாழ்ந்து பார்த்தனர். பேருந்தில் சிறிது தொலைவுக்கு மேல் செல்லவும் அவர்களால் இயலவில்லை. நாள் முழுவதும் சிந்தனை உணவைச் சுற்றியே ஓடியதென அவர்கள் அறிந்தனர். பேசுமுன் அளந்து பார்த்தோர் அவர்கள். சில வாரங்களில் தம் பழைய வாழ்வுக்குத் திரும்ப வழியுடையவர்கள் தாங்கள் என்பதையும் உணர்ந்திருந்தனர்.

இனித் தங்கம். 2012-13 நிதியாண்டில் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காட்டை எட்டியது. எண்ணெய்க்கு அடுத்தபடி தங்க இறக்குமதிக்கே பெருந்தொகை வெளியேறியது. நிதியமைச்சராயிருந்த ப. சிதம்பரம், தங்கம் வாங்கும் ஆசையைக் கட்டுப்படுத்துமாறு 2013 இல் மக்களை வேண்டினார். இறக்குமதித் தீர்வை அவ்வாண்டு ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 விழுக்காடென உயர்த்தப்பட்டது.

பொருளியல் கணக்கில் அவர் கூற்றுச் சரியே. ஆனால் எவர் அதனை எங்ஙனம் கேட்டனர் என்பதைத் தறி வீட்டில் நின்று நோக்குக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறும்; பாவு நமத்துப்போகும்; நெசவு நின்றுவிடும். சேலை அறுக்காத வாரத்தில் கூலியும் இல்லை. அவ்வாரங்களில் அடுப்பெரிவது வீட்டுப் பெண்ணின் அரைப் பவுன் தோட்டினால். மழைக்கு முன் காதில் இருந்தது மழையில் அடகுக்குச் செல்லும். முகூர்த்த மாதங்களில் மீண்டும் காதிற்கு வரும். அவளுக்கு அதுவே வங்கி, அதுவே காப்பீடு. செல்வர்க்கு அணிகலனாயிருப்பது அவளுக்குக் கைமுதலாயிருக்கின்றது. இரண்டையும் ஆசை என்னும் ஒரே சொல்லால் குறித்தமையே அவளைப் புண்படுத்தியது.

6. அச்சினம் பொறாமையா?

செல்வரின் அறிவுரையை ஏழைகள் வெறுப்பது பொறாமையினால் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். சான்றுகள் அதனை ஒப்பவில்லை. மக்கள் உயர் பதவியில் இருந்தோர் எல்லாரையும் வெறுத்தவரல்லர். சாஸ்திரியைப் போற்றினர். காமராசரைப் போற்றினர். அமைச்சராயிருந்த கக்கன், பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்ததை இன்றும் கண்கலங்கச் சொல்கின்றனர். பதவியும் புகழும் உடையவரிடத்தும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் மனம் இருந்தால் மக்கள் அவர் சொல்லை ஏற்கின்றனர்.

எனவே அச்சினத்தை நீதியுணர்வின் குரல் எனக் கொள்ளுதல் தகும். நீ விரும்பி நோற்பதும் நான் வேறு வழியின்றிப் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல என்பதே அக்குரலின் பொருள்.

ஆயினும் சினங்கொள்வோர்க்கும் இப்பாடம் ஒன்றைக் கூறுகின்றது. குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் குரோதம் முதலாவது. அறிவுரை கூறியவர் மீதுள்ள வெறுப்பினால் அறிவுரையிலுள்ள நன்மையையும் உதறிவிடுதல் நமக்கே இழப்பாகும். திருமணத்திற்குக் கடன் வாங்கிப் பந்தலிடாதே என்னும் சொல், அதனைச் சொன்னவர் யாராயினும், கடன்பட்டவனுக்கு நன்மையே தரும். இலங்கையில் 2022 மே மாதத்தில் சினம் தீயாக மாறி வீடுகள் பல எரிக்கப்பட்டபோது, எரிந்த வீட்டினின்று எவர் அடுப்பிற்கும் அரிசி வரவில்லை. சினத்தின் காரணம் நியாயமானது என்பதனால் சினத்தின் செயல்கள் யாவும் நியாயமாகிவிடா.

7. நம் ஊரும் நம் கடமையும்

அமைச்சர்களைப் பற்றிப் பேசுதல் எளிது. போளூரிலும் ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் நாமே பிறர்க்கு அறிவுரை கூறும் இடத்தில் இருக்கின்றோம். நிலவுடையோர், கடை நடத்துவோர், மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் என் போன்ற ஆசிரியர்கள் ஆகியோர் அனைவரும் தறிக்காரர் கண்ணுக்கு வசதி படைத்தோரே. விழா மேடைகளில் எளிமையைப் பற்றி நாம் பேசும்போது, பின்வரிசையில் இருப்போர் நம் பேச்சோடு நம் வீட்டுத் திருமணத்தையும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

ஒரு நெசவுக் குடும்பத்தின் கணக்கைச் சற்று நோக்குக. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியிடமிருந்து வருகின்றன. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றுகின்றாள். அவளுக்கெனத் தனிக் கூலி இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் கூலியில் ஒரு பகுதி அதற்கே கழியும். பட்டு நூல் விலையும் வெள்ளி விலையும் ஏறினால் சேலை விலை ஏறி, விற்பனை குறைந்து, அடுத்த பாவு வரத் தாமதமாகின்றது. இக்கணக்கில் குறைப்பதற்கு எஞ்சியிருப்பது உணவும், மருந்தும், பிள்ளைகளின் படிப்புமே. இவரிடம் சென்று சிக்கனமாயிருங்கள் என்பது, பல காலமாக அப்பாடத்திலேயே வாழ்ந்துவரும் ஒருவருக்கு அதன் அரிச்சுவடியைக் கற்பிப்பதை ஒக்கும்.

இனி, நாம் எளிமையை மேற்கொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். எளிய திருமணம் என்று கூறிக்கொண்டு பந்தலின் ஒளிவிளக்குகளையும் மேளதாள ஆரவாரத்தையும் குறையாமல் வைத்துக்கொண்டு, நெசவாளரிடம் சேலை விலையையும் சமையற்காரரிடம் கூலியையும் பேரம் பேசிக் குறைத்தால், பொற்கொல்லர்க்கு 1963 இல் நேர்ந்ததே இவர்களுக்கும் நேரும். நம் சிக்கனம் நம் கலத்தில் தொடங்கிப் பிறர் கலத்தில் முடியலாகாது.

பட்டு பற்றியும் கூறாதிருத்தல் இயலாது. கூட்டுப்புழுக்களைக் கொதிநீரில் இட்டே பட்டு நூல் எடுக்கின்றனர் என்பதை அறிந்து, கொல்லாமை கருதிப் பட்டுடுத்தாதோர் நம்முள் பலர். அவர்களின் உறுதி போற்றத்தக்கது. ஆனால் முன்பணக் கடனோடு தறிக்குழியில் அமர்ந்திருப்பவரிடம், இத்தொழில் பாவம், விட்டுவிடு என்று உரைத்துவிட்டு நம் வழியே செல்லுதல் அறமாகாது. தொழிலை விட்டால் அவர் இழப்பது அன்றாட உணவு. நாம் இழப்பது ஒன்றுமில்லை. கொல்லாமையில் உண்மையான பற்றுடையோர், அவர் தறியில் பருத்திச் சேலை நெய்யச் சொல்லி உரிய கூலி கொடுத்து வாங்கட்டும். அந்துப்பூச்சி வெளியேறிய பின்னர் எடுக்கும் நூலில் நெய்த பட்டும் உண்டு. அதற்கு ஆகும் கூடுதல் விலையைத் தாமே ஏற்கட்டும். சொல்லோடு பொருளும் சென்றால்தான் அச்சொல் அவர் வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே செல்லும்.

8. பாடத்தின் சுருக்கம்

சிக்கனத்தைப் பற்றிப் பிறர்க்கு உரைக்க விழைவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டுவன மூன்று:

முதலாவது, இக்குறைப்பை என் இல்லத்தில் நான் தொடங்கிவிட்டேனா? சாஸ்திரி இதற்கு விடை கூறினார்.

இரண்டாவது, இதனால் வரும் இழப்பு எவர் மேல் விழும்? தங்கக் கட்டுப்பாடும் உரத் தடையும் இவ்வினாவுக்கு விடை காணாமல் வந்தவை.

மூன்றாவது, கேட்பவரிடம் குறைப்பதற்கு ஏதேனும் உண்டா? இல்லையெனில், அறிவுரை கூறுதலை நிறுத்தி அவர்க்கு என்ன கொடுக்கலாம் என்று எண்ணுதலே முறை.

மூன்றுக்கும் நேரிய விடை கிடைத்த பின்னரே வாய் திறத்தல் வேண்டும். ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையாயின் மௌனமும் ஒரு விரதம்தான்.

9. பயிற்சி வினாக்கள்
(இல்லத்தில் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடை காண்க.)

அ. நோன்பிற்கும் பசிக்கும் உள்ள வேறுபாடுகளை உங்கள் ஊரில் கண்ட எடுத்துக்காட்டுகளால் விளக்குக.

ஆ. 1963 ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டால் துன்புற்றோர் யாவர்? அத்துன்பத்தைத் தவிர்க்க அரசு முன்னதாக என்ன செய்திருக்கலாம்?

இ. கடைசியாக உங்கள் இல்லத்தில் நடந்த விழாவின் செலவுக் கணக்கை எடுத்து, எவற்றைக் குறைத்தீர்கள், அக்குறைப்பால் எவருடைய கூலி குறைந்தது என்று எழுதிப் பார்க்க.

ஈ. நெசவாளர், தையற்காரர், சமையற்காரர் ஆகியோர்க்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதேனும் உண்டாயின், அடுத்த இதழ் வருவதற்குள் அதனைத் தீர்த்துவிடுக. இவ்வொரு வினாவிற்கு எழுத்தில் விடை வேண்டியதில்லை.